பஸ்ஸில் போன பாட்டுகள்

ஊருக்கு அவளை முகத்தால் தெரியாது, குரலால்தான் தெரியும். பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு மைக். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எப்போது கிளம்பும், எது எவ்வளவு நேரம் தாமதம் என்று காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. கடைத்தெருவில் அவள் வாயைத் திறந்து வெங்காயம் என்ன விலை என்று கேட்டால் போதும், கடைக்காரர் தராசை விட்டுவிட்டுத் தலையைத் தூக்குவார். "நீங்கதானே அது?" என்பார். டிப்போவில் எல்லாருக்கும் அவள் மைக். ஏதாவது காரியம் ஆகவேண்டியிருந்தால் மட்டும் மைக்கம்மா.

இப்போது அவளுக்கு அறுபத்து மூன்று வயதாகிறது. அந்த நாட்களைப் பற்றி யாராவது கேட்டால், அதெல்லாம் ஒரு காலம் என்று தட்டிக்கழிக்கத்தான் பார்ப்பாள். கேட்டவர் சரி போகட்டும் என்று எழுந்திருக்கும் நேரம் பார்த்து, டயர் ரூமிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். ஆரம்பித்தால் அப்புறம் நிறுத்துவது கஷ்டம்.

டயர் ரூம் டிப்போவின் பின்கோடியில் இருந்தது. அவளுடைய அண்ணனுக்கு அங்கேதான் வேலை. பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடி ஒட்டுவது, தேய்ந்த டயரைக் கழற்றிப் புதியதை மாட்டுவது, கடைசியில் டியூபுக்கு வெள்ளைப் பவுடர் தடவுவது. சாயந்தரம் அண்ணன் வீட்டுக்கு வரும்போது பாதி மாவு மில்லிலிருந்தும் பாதி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும் வந்த ஆள் மாதிரி இருப்பான். அண்ணி அவனை வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அந்தக் கைகளால் அவன் பேஸ் கிடார் வாசிப்பான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வாசிப்பான். நாலு கம்பி, நாலு விரல், அவசரமே கிடையாது.

அவனோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன். அவன் சட்டைகளில் எல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும், அதனால் பெயர் ஆசிட். தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கிடார் வாசித்து, அண்ணன் கண்ணில் பட்டான். இன்னொருவன் கண்டக்டர். வாயில் விரலை வைக்காமலே தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி விசிலடிப்பான், பெயரும் விசில். கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டிக்கொண்டிருப்பான் என்பதால் அவனிடம் டிரம்ஸைக் கொடுத்துவிட்டார்கள்.

பாடுவதற்கு ஆள் இல்லை. அண்ணன் பாடினால் டியூபில் காற்றுப் போகிற மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுக் கேரியரோடு அவள் டயர் ரூமுக்குப் போனாள். ஆசிட் ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு என்ன தோன்றியதோ, விசாரணை அறையில் இருந்த தொலைந்த பொருள் பதிவேட்டில் முந்தின நாள் எழுதிய வரியை அந்த மெட்டில் வைத்துச் சொல்லிப் பார்த்தாள். கறுப்புக் குடை ஒன்று, கைப்பிடி உடைந்தது, கேட்டு வந்தவர் யாரும் இல்லை. அவ்வளவுதான். மூன்று பேரும் கேரியரை மறந்துவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அவள் அதை ஒரு பாட்டாக எழுதினாள்.

யாரோ விட்டுப்போன குடை – அது
யாருக்காக விரியும்?
மழைக்கு மட்டும் தெரியும் – அதை
மறந்த கையும் தெரியும்.

பழைய வேலைப் பாட்டுகளின் நடை, அதற்குக் கீழே கிடாரும் டிரம்ஸும். நிலையத்தில் கழித்துக் கட்டிய பழைய ஒலிபெருக்கிதான் அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர். அவள் பாடும் விதத்தில் ஒரு விசேஷம் இருந்தது. ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது ஒரு சொல்லின் எதிரொலி அடங்கும் வரைக்கும் அடுத்த சொல்லைச் சொல்லக்கூடாது, இல்லாவிட்டால் எல்லாம் கலந்து கஞ்சியாகிவிடும். ஐந்து வருஷம் அப்படிச் சொல்லிச் சொல்லி, பாட்டிலும் அவள் சொற்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பாடினாள். கேட்கிறவன் அடுத்த சொல்லுக்காக ஒரு கணம் காத்திருக்க வேண்டும்.

ஒத்திகை ஞாயிறு மூன்று மணிக்கு என்று பேச்சு. ஒரு நாளும் மூன்று மணிக்கு நாலு பேரும் இருந்ததில்லை. கடைசியாக யார் வந்தாலும் அவள் வேலைக் குரலில், "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்பாள். அதையே குழுவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். யோசித்து வைத்த பெயர் இல்லை. அதனால் எவ்வளவு வம்பு வரும் என்றும் யாரும் அப்போது யோசிக்கவில்லை.

முதல் கேசட்டை டயர் ரூமிலேயே பதிவு செய்தார்கள். சுற்றிலும் கூரை உயரத்துக்கு டயர் அடுக்கியிருந்ததால் சத்தம் எங்கேயும் முட்டித் திரும்பாது. பெரிய ஸ்டுடியோக்களில் செலவு செய்து செய்கிற ஏற்பாட்டை ரப்பர் சும்மாவே செய்துவிட்டது என்று ஆசிட் சொல்வான். ஏழு பாட்டு, ஒரே மதியம். குடைப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லாரும் நிறுத்துகிற இடத்தில், பவுடர் மூக்கில் ஏறி அண்ணன் இருமிவிட்டான். ஐந்தாவது பாட்டின் நடுவில் டிப்போ கேட்டுக்குள் நுழைந்த வண்டி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. ஆசிட் மறுபடி எடுக்கலாம் என்றான். விசிலுக்கு நாலரை மணி வண்டிக்கு டியூட்டி இருந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தக் கேசட் எப்படி ஊரைவிட்டுப் போனது என்பதுதான் கதை. கடற்கரைப் பக்கம் போகும் ஐந்து மணி நேர வண்டிக்கு ஒரு பெரிய மீசை டிரைவர் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு மேல் அவருக்குக் கண் சொக்கும். வண்டியில் இருந்த ஒரே கேசட்டும் தேய்ந்துபோய், பாடகர் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி பாடிக்கொண்டிருந்தார். டயர் மாற்ற வந்த இடத்தில் அண்ணனிடம், "ஏம்ப்பா, நீங்க என்னமோ பண்றீங்களாமே, ஒண்ணு குடு, தூக்கம் வராம இருந்தா சரி" என்று கேட்டு வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து அவரைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். அப்புறம் மலைப்பக்கம் போகும் வண்டிக்காரர். விசில் வீட்டில் இரண்டு டேப் ரிக்கார்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரதி எடுக்க ஆரம்பித்தார்கள். கேட்டுக் கேட்டு அவன் மனைவிக்குக் கனவில்கூடக் குடை வந்ததாம். மூன்று மாதத்தில் அந்த டிப்போவிலிருந்து கிளம்பும் முப்பத்தெட்டு வண்டிகளிலும் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

தெரிய வைத்தவன் விசில். ஒவ்வொரு நடை முடிந்து வரும்போதும் ஒரு சேதி கொண்டுவருவான். உப்பளத்து ஊரில் ஒரு ஆள் பாட்டு முடியட்டும் என்று தன் நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தாராம். நூலகம் இருக்கிற ஊரில் கல்லூரிப் பிள்ளைகள் நாலு வண்டியை விட்டுவிட்டு மீசை டிரைவர் வண்டிக்காக நிற்கிறார்களாம். அவள் நம்பவில்லை. விசிலுக்கு வாய் நீளம் என்று எல்லாருக்கும் தெரியும்.

கடற்கரை ஊரில் மீன் டப்பாத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து, ஒரு ஞாயிறு மாலை வந்து பாட முடியுமா என்று மீசை டிரைவரிடம் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். டிப்போவிலிருந்து அவ்வளவு தூரம் அவர்கள் பாடப் போவது அதுதான் முதல் தடவை. டிரம்ஸைப் பஸ் கூரையில் கட்டி, ஆம்ப்ளிஃபயரைக் கடைசி சீட்டில் உட்காரவைத்து, போய் இறங்கினார்கள். சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஞாயிறு மாலை நாலு மணி, தாமதத்துக்கு வருந்துகிறோம்.

நாலு மணிக்கு ஒரு ஈ காக்கா இல்லை. சரக்கு ஏற்றும் மேடையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலரை ஆயிற்று. அவள் அண்ணனிடம், ஐந்து மணி வண்டியைப் பிடித்தால் இருட்டுவதற்குள் கொஞ்ச தூரமாவது போய்விடலாம் என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் நோட்டீஸ் ஒட்டிய பெண் ஓடி வந்தாள். நோட்டீஸில் இருந்த குழுப் பெயரைப் படித்துவிட்டு, நிகழ்ச்சி தள்ளிப்போய்விட்டது, ஐந்தரைக்குத்தான் ஆரம்பிக்கும் என்று ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறதாம்.

ஐந்தரைக்கு மேடைக்கு முன்னால் கால் வைக்க இடம் இல்லை. முதல் பாட்டை அவள் ஆரம்பித்தாள். வந்தவர்கள் சும்மா கேட்கவில்லை, கூடவே பாடினார்கள். ஒரு சொல் பிசகவில்லை. அவள் விடும் இடைவெளிகூட அப்படியே. மூன்றாவதாகக் குடைப் பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நாலு பேரும் நிறுத்தினார்கள். அந்த நிசப்தத்தில், நானூறு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் இருமினார்கள்.

அண்ணன் பேஸ் கிடாரைப் பிடித்தபடி திரும்பி அவளைப் பார்த்தான். விஷயம் புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. அது பாட்டின் ஒரு பகுதி என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஐந்தாவது பாட்டில் குழந்தைகள் முதல் மேற்பார்வையாளர் வரை எல்லாரும் வாயைக் குவித்து ஹாரன் அடித்தார்கள். விசில் சிரிப்பில் தாளத்தை விட்டுவிட்டு, மறுபடி பிடிக்கப் பெரும்பாடு பட்டான். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் யாரும் தூங்கவில்லை.

அடுத்த மூன்று வருஷங்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவள் முகம் இளகிப்போகும். நர்ஸ் விடுதியின் மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைச் சீருடைகளுக்கு நடுவில் பாடியது. நூலகத்தில் நூலகர் முதல் வரிசையில் உட்கார்ந்து, டிரம்ஸ் கொஞ்சம் மெதுவாக என்று கை காட்டிக்கொண்டே தலையை ஆட்டியது. டப்பாத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் தாய்மார் வலை இழுக்கும்போது பாடியதைச் சொல்லிக்கொடுக்க, அதை ஆசிட் கிடாரில் ஏற்றியது. பெரிய நகரத்தில் அவர்கள் பெயரை ஒருவருக்கும் தெரியாது. பஸ் போகிற இருபத்தேழு ஊர்களில் தெரியாதவர்கள் இல்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் மறுபடி மைக் முன்னால் இருப்பாள். தொண்டை கட்டியிருந்தால் பயணிகள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, நேற்று எந்த ஊர் என்று கேட்பார்கள்.

நகரத்துக்காரர் ஒருவர் அவர்களைத் தேடி வரவில்லை, தானாக வந்து மாட்டிக்கொண்டார். கேசட் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். கார் நடுவழியில் படுத்துவிட, மீசை டிரைவரின் வண்டியில் ஏறினார். நாலு மணி நேரம் அதே கேசட். இறங்கும்போது, இது யார் என்று கேட்டிருக்கிறார். மீசை டிரைவர், வாங்க காட்டறேன் என்று நேராக விசாரணை ஜன்னலுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

அந்த ஞாயிறு அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். கம்பெனிக்காரர் நல்ல மாதிரி, சுற்றி வளைக்காமல் பேசினார். நகரத்துக்கு வந்து ஆறு மாதம் இருக்க வேண்டும். எல்லாப் பாட்டையும் ஒழுங்கான ஸ்டுடியோவில் புதிதாகப் பதிவு செய்யலாம். இருமலும் ஹாரனும் இருக்காது. பெயரை மட்டும் மாற்ற வேண்டும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மேடை ஏறுகிறவர்களை நகரத்தில் யாரும் பார்த்ததில்லை என்றார். அண்ணி அதற்குச் சிரித்துவிட்டு, ஆறு மாதம் அந்த ஊரில் இவர்களுக்குச் சோறு யார் போடுவது என்று கேட்டாள்.

விசிலுக்கு அப்போதுதான் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன, அவனால் ஊரை விட்டு நகர முடியாது. அண்ணன் வரமுடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அவளுக்குப் போக ஆசை இருந்தது. அதை அவள் இன்றுவரை மறைப்பதில்லை. தன் குரல் எங்கே வரைக்கும் போகும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. கம்பெனிக்காரர் போன பிறகு அண்ணனிடம், நீ இல்லாமல் எப்படி என்று கேட்டாள்.

"அங்க பேஸ் வாசிக்க நூறு பேர் இருப்பாங்க, பாப்பா" என்றான் அண்ணன். "உன்னை மாதிரி பாட ஆள் இருக்காது. போயிட்டு வா."

அவ்வளவு லேசாகச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. அவள் கிளம்பிய அன்றைக்கு அண்ணன் டயர் ரூமில் ஒரே டியூபை மூன்று தடவை ஒட்டியதை, அதுவும் பஞ்சரே ஆகாத டியூப் அது என்பதை, ரொம்ப நாள் கழித்து அண்ணிதான் சொன்னாள்.

அவளும் ஆசிட்டும் சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கம்பெனி பிடித்துக்கொடுத்த அறை ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் இருந்தது. காலை பத்து மணிக்குக் கீழே இயந்திரம் ர்ர் என்று ஆரம்பித்தால் அவள் பல்லும் கூசும். ஆசிட் இரண்டு தெரு தள்ளி, அச்சகம் ஒன்றின் பின்கட்டில். தினமும் ஸ்டுடியோ. பேஸ் வாசித்தவர் கெட்டிக்காரர், அண்ணன் ஒரு ஸ்வரம் வாசிக்கும் நேரத்தில் ஆறு வாசிப்பார். குரல் பயிற்சிக்கு ஒரு அம்மையார் வந்தார். பொறுமையானவர், நல்லவர், நிஜமாகவே சங்கீதம் தெரிந்தவர். சொற்களுக்கு நடுவில் ஏன் மூச்சு முட்டின மாதிரி நிற்கிறாய், கோத்துப் பாடு, கோத்துப் பாடு என்று சொல்லிக்கொடுத்தார். அவள் கற்றுக்கொண்டாள். குரல் வழவழவென்று ஆயிற்று. சாயந்தரங்களில் உணவகங்களில் பாடவைத்தார்கள். ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள், பாட்டு முடிந்தால் நாகரிகமாகக் கை தட்டினார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

பத்தாவது வாரம் ஒரு மதியம். அண்ணன் பிள்ளைகளுக்கு வாங்கிய சட்டைத் துணியை ஊருக்கு அனுப்ப நகரத்துப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். அவர்கள் ஊர் வண்டி ஒரு ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் புது ஆள், அவளைத் தெரியாது. பார்சலை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, "உக்காருங்கம்மா, கிளம்ப இருபது நிமிஷம் இருக்கு" என்றார். அவளும் பயணி என்று நினைத்துவிட்டார். கேசட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். வண்டியில் இன்னும் ஐந்தாறு பேர். அவளுடைய பழைய குரல் வந்தது. முதல் சொல், ஒரு இடம், அடுத்த சொல். முன்னால் உட்கார்ந்து மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், அந்த இடைவெளி வரும்போது முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். சொல் வந்தது. கை மறுபடி ஓடியது. கேசட்டில் அண்ணன் இருமினான். அவள் தனக்குள் அந்த வரியைப் பழையபடி பாடிப் பார்த்தாள். வரவில்லை. இடம் விட மறந்துபோயிருந்தது. மறுபடி பார்த்தாள், மறுபடியும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் வந்தன.

வண்டி கிளம்பும்போது கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். அவள் இறங்கிவிட்டாள். நேரே ஆசிட்டின் அறைக்குப் போய், ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொன்னாள். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான், மாற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"எனக்கு இங்க பிடிச்சிருக்கு, மைக்" என்றான் கடைசியில். "அந்தப் பேஸ்காரர்கிட்ட ஒரு நாள்ல கத்துக்கிறது அங்க ஒரு வருஷத்துல கிடைக்காது. நான் வரலைன்னா தப்பா நினைப்பியா?"

"நினைக்கமாட்டேன். உனக்கு இங்க வருது. எனக்கு இங்க இருந்தா போயிடும் போல இருக்கு, அவ்வளவுதான்."

அவனே பஸ் ஏற்றிவிட்டான். வண்டி திரும்பும் வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். அவன் சட்டையில் இப்போது ஓட்டையே இல்லை என்பது வண்டி ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, கொஞ்ச தூரம் அழுதாள். கம்பெனிக்காரர் அவளைத் திட்டவில்லை. பதிவான வரைக்கும் ஒரு கேசட் வெளியிட்டார். அதை வாங்கிப் போட்டுப் பார்த்த மீசை டிரைவர், ரொம்ப நல்லாயிருக்கும்மா என்று சொல்லிவிட்டு, தூக்கம் வருது என்றார்.

டயர் ரூமுக்கு அவள் போனபோது அண்ணன் டியூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், "பத்து வாரம் லேட்டு" என்றான். மைக் முன்னால் உட்கார்ந்து நாற்பது நாள் வண்டி எண்களைச் சொன்ன பிறகுதான், சொற்களுக்கு நடுவில் இருந்த இடம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆசிட் இடத்துக்கு நர்ஸ் விடுதியிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். அவன் வாசித்ததையெல்லாம் கேசட்டைக் கேட்டே பழகியிருந்தாள். அவன் ஒரு இடத்தில் தப்பாக வாசித்ததையும் சேர்த்து.

அடுத்த வருஷம் கல்குவாரி ஊரிலிருந்து அழைப்பு வந்தது. ஏழு மணி நேரப் பயணம், வாரத்துக்கு இரண்டே வண்டி, அதற்கு மேல் ரோடே கிடையாது. அவர்கள் அதுவரை அங்கே போனதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஏற்பாடு. அந்த முறை அண்ணியும் வந்தாள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எங்கேயும் கூட்டிப்போனதில்லை என்று சொல்லிக்காட்டிவிட்டு.

குடைப் பாட்டை ஆரம்பித்தாள். கூட்டமும் சேர்ந்து பாடியது, ஆனால் ஏதோ சரியில்லை. அவள் குடை என்றால் அவர்கள் வேறென்னவோ சொன்னார்கள். மெட்டும் ஒரு இடத்தில் அவள் இறங்கும்போது அவர்கள் ஏறினார்கள். அவள் பாட்டை நிறுத்திவிட்டு, என்ன பாடுகிறீர்கள் என்று கேட்டாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்தார். குவாரியில் லாரிகளை எடைபோடும் மேடையைப் பார்த்துக்கொள்பவர். சட்டையெல்லாம் கல்தூசி, கழுத்தில் சாவிக்கொத்து.

"நீங்க நல்லா பாடறீங்கம்மா" என்றார் அவர். "ஆனா வார்த்தை தப்பு. இது எங்க ஊர்ப் பாட்டு. எங்கப்பா கல்லு உடைக்கும்போது பாடினது."

விசில் வாயைத் திறந்தான். அண்ணன் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினான். பாட்டுக்கு அப்போது வயது ஐந்து. அவள் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகம் இல்லை. எப்போதோ வந்துபோன வண்டியில் யார் கேட்டார்களோ, யார் வாயில் எப்படி மாறியதோ, அங்கே ஏற்கெனவே இருந்த எந்தப் பழைய பாட்டோடு போய்க் கலந்ததோ, அவருக்கு அது அப்பா பாடியதாகிவிட்டது. ஒருவேளை பாதி நிஜமாகவே அப்பா பாடியதாகவும் இருக்கலாம். மேலே வந்து சரியாகச் சொல்லிக்கொடுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவர் கூச்சப்படாமல் மேடை ஏறினார்.

யாரோ விட்டுப்போன உளி – அதில்
யாரு கைச்சூடு இருக்கு?
கல்லு உடையும்போதுதான் – அது
காத்திருந்தது தெரியும்.

அவளிடம் இல்லாத மூன்றாவது சரணம் ஒன்றும் இருந்தது. நர்ஸ் தடவித் தடவி அதற்கு ஏற்றபடி வாசித்தாள். அவர் ஒரு வரி சொல்ல, அவள் ஒரு வரி திருப்பிப் பாட, அந்தப் பெண்மணி இரண்டு இடத்தில் திருத்தினார். மூன்றாம் முறை முழுதாக வந்தபோது அவர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, கீழே இறங்கித் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பி வரும்போது விசில் மட்டும் மனசு ஆறாமல் புலம்பிக்கொண்டே வந்தான். நம்ம பாட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா, அந்தக் குடையை எழுதின பதிவேடுகூட இருக்கிறதே என்றான். மேடையில் அவளுக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது, அதற்கு அவளுக்குப் பெயர் தெரியவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் நிலையத் தொலைபேசியிலிருந்து ஆசிட்டைக் கூப்பிட்டு மூன்றாவது சரணத்தைப் பாடிக்காட்டினாள். மறுபடி பாடு, எழுதிக்கிறேன் என்றான்.

இரண்டு வாரம் கழித்து அவனே வந்து இறங்கினான். இரண்டு பேருமாகக் குவாரி ஊர் வண்டி ஏறினார்கள். எடைமேடை அறையில், லாரிகள் வந்து நிற்கும் இடைவெளிகளில், அந்தப் பெண்மணி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த மெட்டைப் போட்டவன் தான் என்று அவன் மூச்சு விடவில்லை. ஒரு இடத்தில் அவன் பழைய பழக்கத்தில் இறங்க, அவர் மேஜையைத் தட்டி, "அங்க ஏறணும் தம்பி" என்றார். அவன் ஏறினான். வெளியே அடுத்த லாரி ஹாரன் அடித்தது. அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, வந்து கேட்பேன், பழகி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் இருவரும் அந்தச் சின்ன அறையில், ஜன்னலில் படிந்த தூசியைத் தாண்டி வந்த வெயிலில் உட்கார்ந்து, பழகிக்கொண்டிருந்தார்கள்.